நீலம் போட்ட நோட்டு

போன ஞாயிற்றுக்கிழமை காலை. குழம்புக்குப் புளி கரைத்துக்கொண்டிருக்கிறேன். வாசலில் கலா. எங்கள் தெருவுக்கு வாக்கப்பட்டு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. இப்போது வயிற்றில் ஆறு மாதப் பிள்ளை. கையில் நாலைந்து தாள், முகத்தில் கலவரம்.

“அக்கா, எனக்கு சுகர் இருக்காம்க்கா. பிள்ளைத்தாச்சிக்கு வர்ற சுகராம். மதுரையில ஏதோ ஆராய்ச்சி பண்ணுதாவளாம், அதுல சேருறியான்னு கேட்டு இதைக் குடுத்திருக்காவ. எங்க அத்தை, ‘ஒன்னைய என்ன சோதனை எலின்னு நெனைச்சாவளா’ன்னு சத்தம் போடுதாவ. சேரலாமாக்கா?”

தாள்களை வாங்கிப் படித்தேன். நல்ல தமிழில், தெளிவாகவே இருந்தது. என்ன ஆராய்ச்சி, எதற்கு, எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், விலகினாலும் வைத்தியம் நிற்காது... கடைசிப் பக்கத்தில் ஒரு வரி: ‘தினமும் சாப்பிட்டதையும் சர்க்கரை அளவையும் கொடுக்கப்படும் நோட்டில் குறித்து வரவேண்டும்.’

அந்த வரியைப் படித்ததும் எனக்குக் குப்பென்று வேர்த்துவிட்டது.

நோட்டு!

வாரா வாரம் இந்தப் பத்தியில் எதைத்தான் நான் எழுதவில்லை? ரேஷன் கடை க்யூ, பஸ்ஸில் பறிபோன குடை, என் வீட்டுக்காரரின் குறட்டை... எல்லாவற்றையும் உங்களிடம் கொட்டியாகிவிட்டது. இந்த ஒரு விஷயத்தை மட்டும் எழுதியதில்லை. காரணம் ஒன்றும் பெரிசாக இல்லை. வெட்கம்தான்.

எண்பதுகளின் கடைசியில் நடந்தது. அப்போது நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வக்கீல் ஆபீஸில் டைப்பிஸ்ட். முதல் பிள்ளை வயிற்றில். ராஜபாளையத்தில் ஒரு ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சம் சர்க்கரை இருக்கிறது என்றார்கள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. ‘பால்கோவா ஊரில் பிறந்தால் வேறு என்ன வரும்’ என்று என் வீட்டுக்காரர் ஜோக் அடித்தார். நான் சிரிக்கவில்லை.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா. சின்ன வயசு, இருபத்தேழு இருபத்தெட்டு இருக்கும். அங்கே வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பும் படித்துக்கொண்டிருந்தார். அவர்தான் எங்களை உட்காரவைத்து ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னார். லேசாகச் சர்க்கரை உள்ள கர்ப்பிணிகளுக்குச் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும் போதுமா, கூடவே இன்சுலின் ஊசியும் வேண்டுமா? இதுதான் கேள்வி. யாருக்கு எது என்பது மூடிய கவருக்குள் இருக்கும். பிரித்தால்தான் அவருக்கே தெரியும்.

“கட்டாயம் இல்லை. சேராட்டாலும் வைத்தியம் அதேதான். சேர்ந்தா, உங்களுக்குப் பின்னாடி வர்ற பொம்பளைங்களுக்கு உதவியா இருக்கும்” என்றார். பிறகு சிரித்துக்கொண்டே ஒரு வார்த்தை சேர்த்தார்: “என் பரீட்சைக்கும் இதைத்தான் எழுதிக் குடுக்கணும்.”

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் கையெழுத்துப் போட்டேன். என் பக்கத்தில் இருந்தவள் கைநாட்டு வைத்தாள். பேச்சியம்மாள், தளவாய்புரம். நைட்டி தைக்கிற மெஷினில் வேலை. அவளுக்கு இது இரண்டாவது. முதல் பிள்ளை வயிற்றில் மிகவும் பெரிசாக வளர்ந்து, பிரசவத்தில் தவறிப்போயிருந்தது. அதற்குக் காரணம் சர்க்கரையாக இருந்திருக்கலாம் என்று இந்த டாக்டரம்மாதான் முதல் முதலாக அவளுக்குச் சொன்னது. அதுவரை அவள் புருஷன் வீட்டில், ‘ராசி இல்லாதவ’ என்பதுதான் காரணமாக இருந்தது.

“இந்தப் பிள்ளையாவது தங்கணும்க்கா” என்றாள், என் பேர் கேட்பதற்கு முன்பே.

கவர்களைப் பிரித்தார்கள். இரண்டு பேருக்கும் சாப்பாட்டுக் கட்டுப்பாடு மட்டும். ஊசி இல்லை. எங்களுக்கு ஒரே சந்தோஷம்.

ஆளுக்கு ஒரு கண்ணாடிக் குழாய், இடுக்கி, சின்ன ஸ்பிரிட் விளக்கு, ஒரு பாட்டில் நிறைய நீல மருந்து கொடுத்தார்கள். மருந்தைக் குழாயில் ஊற்றி, எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டு, விளக்கில் கொதிக்கவைக்க வேண்டும். நீலம் நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. பச்சை என்றால் கொஞ்சம். மஞ்சள், ஆரஞ்சு என்று ஏறிக்கொண்டே போய், செங்கல் சிவப்பு வந்தால் ஏகத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம். ஒரு நாளைக்கு மூன்று தடவை. ஒவ்வொரு தடவையும் நோட்டில் நிறத்தை எழுதணும், என்ன சாப்பிட்டோம் என்றும் எழுதணும். ரெண்டு வாரத்துக்கு ஒரு வியாழக்கிழமை நோட்டோடு வந்து ரத்தம் கொடுக்கணும்.

“ஆரஞ்சு, சிவப்பு வந்தா வியாழக்கிழமைக்குக் காத்திருக்காதீங்க. உடனே வந்துடுங்க. எந்தக் கவர் வந்திருந்தாலும் ஊசி ஆரம்பிச்சிடுவேன். ஆராய்ச்சியைவிட பிள்ளை முக்கியம்.”

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள்!

முதல் வியாழக்கிழமை. ஒவ்வொரு நோட்டாகப் புரட்டினார். ஒருத்தி நோட்டில் வரிசையாகப் பச்சை, மஞ்சள். டாக்டரம்மா உதட்டைப் பிதுக்கினார். “என்னம்மா இது? சொன்னபடி சாப்பிடுறியா இல்லையா?” திட்டக்கூட இல்லை, அவ்வளவுதான் கேட்டார். அந்தப் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. அடுத்தது என் நோட்டு. நிஜமாகவே எனக்கு அந்த இரண்டு வாரம் நீலம்தான். “வெரி குட்!” என்று முதுகில் தட்டினார்.

பெஞ்சில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள்.

நமக்கு நோட்டு என்றால் என்ன? சின்ன வயசிலிருந்து ஒரே அர்த்தம்தான். நாம் எழுதுவோம், இன்னொருத்தர் திருத்துவார், குட் போடுவார். குட் வாங்குவதற்கு என்ன எழுதணுமோ அதை எழுதுவது நமக்குக் கைவந்த வேலை. ஸ்கூலுக்கு இன்ஸ்பெக்டர் வருவதற்கு முந்தின நாள், அவர் கேட்கப்போகிற கேள்விக்குப் பதிலை மனப்பாடம் செய்தவர்கள்தானே நாம்?

இரண்டாவது வியாழக்கிழமை பேச்சி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நோட்டை மடியில் வைத்தாள். திறந்தால் வெற்றுக் கட்டங்கள்.

“எங்க வீட்டுக்காரருக்கும் எழுத்து வராதுக்கா. போன தடவை பக்கத்து வீட்டுப் பிள்ள எழுதிக் குடுத்துச்சு, இப்ப அது ஊருல இல்ல. நீங்க எம்புட்டு அழகா எழுதுறிய. எனக்கும் சேத்து எழுதிருங்க.”

“என்னென்ன நிறம் வந்துச்சு?”

“எல்லாம் நீலம்தான்க்கா. நீலம்னே போடுங்க.”

அவள் என் கண்ணைப் பார்க்காமல் சொன்னாள். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் பேனாவைத் திறந்தேன். உள்ளே கூப்பிட இன்னும் கால் மணி நேரம்தான் இருந்தது. மூணு வேளை, பதினாலு நாள். மடமடவென்று எழுதினேன். நீலம், நீலம், நீலம்... பாதியில் எனக்கே சந்தேகம். எல்லாமே நீலம் என்றால் நம்புவார்களா? நடுவில் இரண்டு பச்சை போட்டேன். இயல்பாக இருக்கட்டுமே என்று! சாப்பாட்டுக் கட்டத்தில் ‘கேப்பைக் களி, கீரை’ என்று ஒரு நாள், ‘சுண்டல், மோர்’ என்று ஒரு நாள். உங்கள் பத்தி எழுத்தாளரின் முதல் கற்பனைப் படைப்பு அரங்கேறியது அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில்தான்.

மூன்றாவது தடவை நிறம் என்ன என்று நான் கேட்கவே இல்லை. நோட்டை வாங்கினேன், எழுதினேன், கொடுத்தேன்.

சரி, ரத்தம் எடுத்தார்களே, அதில் தெரியாதா? அதற்கும் வழி வைத்திருந்தாள் பேச்சி, எனக்குப் பிறகுதான் தெரிந்தது. செவ்வாயும் புதனும் சோறே கிடையாது. வெறும் மோரும் வெள்ளரிக்காயும். வியாழக்கிழமை ரத்தத்தில் சர்க்கரை சமர்த்தாக அடங்கியிருக்கும். டாக்டரம்மா இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்பார். நோட்டும் சரி, ரத்தமும் சரி. “பேச்சி, வெரி குட்!”

அந்த வெரி குட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது அவள் முகத்தைப் பார்க்கணுமே... அவளை அதுவரை யாரும் அப்படிச் சொன்னதில்லை என்று பார்த்தாலே தெரியும்.

என் யோக்கியதை மட்டும் என்ன? என் வளைகாப்பு அன்று வீட்டில் ஒரு தூக்கு நிறைய பால்கோவா. ‘பிள்ளைக்கு ஆசை இருக்கும், ஒரு வாய்’ என்று ஆளாளுக்கு ஊட்டினார்கள். நான் வாயைத் திறந்தேன், மூட மறந்துவிட்டேன். சாயங்காலம் குழாயில் மஞ்சள். நோட்டில்? ‘சுண்டல் ஒரு கிண்ணம். நீலம்.’ முந்தின நாள் ஆபீஸில் உட்கார்ந்து, ‘மேற்கண்டவை யாவும் என் அறிவுக்கு எட்டியவரை உண்மை’ என்று அஃபிடவிட் டைப் அடித்த அதே கைதான் இதையும் எழுதியது.

பேச்சிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு. ‘கட்டாயம் வரணும்க்கா’ என்று சொல்லியிருந்தாள். தளவாய்புரம் போனேன். கை நிறைய கண்ணாடி வளையல், கன்னத்தில் சந்தனம், வயிறு ஏழு மாதத்துக்குக் கொஞ்சம் அதிகம் பெரிசாக இருந்தது. புளிச்சோறு, தேங்காய்ச்சோறு, சர்க்கரைப்பொங்கல் என்று வரிசையாக வைத்து ஊட்டினார்கள். எல்லாம் முடிந்து கூட்டம் கலைந்தபின், பேச்சி என்னைக் கொல்லைப்புறத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒரு கல் மேல் அந்த ஸ்பிரிட் விளக்கு. பாவம், மூன்று வேளையும் ஒழுங்காகக் கொதிக்கவைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

குழாய் கொதித்தது. நீலம் கலங்கியது. பச்சையில் நிற்கவில்லை. மஞ்சளில் நிற்கவில்லை. அரை நிமிஷத்தில் செங்கல் சிவப்பு.

“பொங்கல் சாப்பிட்டதால இருக்கும்” என்றேன்.

“இல்லக்கா, தெனமும் இதான் வருது. ஒரு மாசமா.” குழாயை அலசிக் கவிழ்த்து வைத்தாள். “அதான் நோட்டுல நீலம்னு போட்டாச்சுல்லா, பொறவு என்ன?”

“ஏட்டி, பிள்ளைக்கு ஆகாதுன்னு அவங்க சொல்லலையா? சிவப்பு வந்தா உடனே வரணும்னு சொன்னாங்கள்ல?”

“சொன்னாவ. ஆனா அந்தப் பிள்ள பரீட்ச எழுதுதுல்லாக்கா? நம்மால அது ஃபெயிலாயிரக் கூடாது. அம்புட்டு நல்ல பிள்ள. எனக்கு ஒண்ணும் செய்யலக்கா, நான் நல்லாத்தான் இருக்கேன்.”

அவள் முதல் பிள்ளையும் இப்படித்தான் வளர்ந்திருக்கும். ஒன்றும் செய்யாமல், நல்லாத்தான் இருந்து.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளுக்கு எழுத்துத் தெரியாது. எனக்குத் தெரியும். ஒரு மாதமாக அவள் குழாயில் வந்த சிவப்பை நீலமாக மாற்றியது அவள் இல்லை, நான். நடுவில் இரண்டு பச்சை போட்ட கெட்டிக்காரி.

மறுநாள் காலை ஆபீஸுக்கு லீவு சொல்லிவிட்டு ராஜபாளையம் போனேன். டாக்டரம்மா அறையில் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அழுகை வேறு. அவர் கடைசிவரை கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எத்தனை பேருக்கு எழுதினீங்க?”

“ரெண்டு பேருக்கு டாக்டர்... என்னோடதையும் சேர்த்து.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் ஸ்டெதஸ்கோப்பைப் பையில் போட்டார், ரத்தம் எடுக்கிற ஊசி, பஞ்சு எல்லாம் எடுத்துக்கொண்டார், “வாங்க, வீட்டைக் காட்டுங்க” என்றார். ஆஸ்பத்திரி வண்டி வெளியே போயிருந்தது. அது வரும்வரை நிற்கவில்லை. தளவாய்புரம் பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

எங்களைப் பார்த்ததும் பேச்சி முதலில் செய்த காரியம், குழாயைச் சேலைத் தலைப்பில் மறைத்ததுதான். அடுத்து என்னைப் பார்த்தாள்.

“ஏன்க்கா காட்டிக் குடுத்திய?”

அந்தப் பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

டாக்டரம்மா தையல் மெஷின் பக்கத்தில் இருந்த முக்காலியில் உட்கார்ந்தார். “பேச்சி, சிவப்பு வந்தா நான் கோபப்படுவேன்னு நெனைச்சியா?”

“இல்லம்மா.” பேச்சி தலைப்பிலிருந்து குழாயை எடுத்து வைத்தாள். “சிவப்பு வந்தா வெரி குட் சொல்ல மாட்டியள்லா?”

டாக்டரம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. நான் பார்த்தேன். அந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும், ‘படிக்காத ஜனங்க, சொன்னாப் புரியாது’ என்று ஆரம்பித்திருப்பார்கள். அவர், “தப்பு உன்னோடது இல்ல பேச்சி. நான் தப்பான இடத்துல வெரி குட் சொல்லிட்டேன்” என்றார்.

அன்றே பேச்சியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ஊசி ஆரம்பித்தது. எங்கள் இருவர் நோட்டிலும் குறுக்கே கோடு போட்டு, ஆராய்ச்சிக் கணக்கிலிருந்து நீக்கிவிட்டார். வைத்தியம் மட்டும் நிற்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை பெஞ்சில் இருந்த எல்லோரிடமும் கேட்டார். திட்டமாட்டேன், உண்மையைச் சொல்லுங்கள் என்று. முதலில் ஒருத்தி, பிறகு ஒருத்தி... பாதிப் பேருக்கு மேல் தலை குனிந்தது. ஒருத்திக்கு எழுதியது வீட்டுக்காரர், இன்னொருத்திக்குப் பக்கத்து வீட்டு டீச்சர். எல்லா நோட்டும் நீலம். டாக்டரம்மா மதுரைக்குப் போன் போட்டு, தன் பெரிய டாக்டர்களிடம் உள்ளதை உள்ளபடி சொன்னார். இங்கே எழுதிய நோட்டுகளைச் சேர்க்க முடியாது என்று முடிவானது. அவர் பரீட்சை ஒரு வருடம் தள்ளிப்போனது.

எது நடந்துவிடக் கூடாது என்று பேச்சி பட்டினி கிடந்தாளோ, அதை நாங்களே நடத்திவைத்தோம். வேண்டுமென்று யாரும் செய்யவில்லை. பாசத்தில் செய்தோம்.

ஆனால் அவர் அதோடு விட்டுவிடவில்லை. அடுத்த முறை போனபோது மேஜை மேல் வரிசையாகக் கலர் பென்சில் பெட்டிகள். ஆளுக்கு ஒன்று. “இனி யாரும் எழுத வேண்டாம். குழாயில என்ன நிறமோ, கட்டத்துல அதே நிறத்தைத் தீட்டுங்க. உங்க கையால மட்டும்.” இன்னொரு மாற்றமும் செய்தார். நோட்டைப் பார்ப்பதற்கு முன் பென்சிலைப் பார்ப்பார். “எங்கே, உன் சிவப்பைக் காட்டு.” சிவப்பு சீவியிருந்தால், “வெரி குட், மறைக்காம போட்டிருக்கே. வா, என்ன பண்ணலாம்னு பாப்போம்” என்பார். சிவப்பு புதுசாகவே இருந்து நீலம் மட்டும் தேய்ந்திருந்தால்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருவார்.

பேச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் உட்கார்ந்து தீட்டிய முதல் பக்கத்தை எனக்குக் காட்டினாள். கட்டத்தை விட்டு வெளியே எல்லாம் வழிந்திருந்தது. சிவப்பு, சிவப்பு, ஆரஞ்சு, ஆரஞ்சு, மஞ்சள்... ஊசி வேலை செய்யச் செய்ய நிறம் இறங்கிக்கொண்டே வந்தது தெரிந்தது. கடைசிக் கட்டம் பச்சை. அது நான் போட்ட பச்சை இல்லை. அவள் குழாயில் வந்த பச்சை.

பெண் பிள்ளை பிறந்தது. எடை கொஞ்சம் அதிகம்தான். பிறந்த அன்று பிள்ளைக்குச் சர்க்கரை சட்டென்று இறங்கிப்போய், டாக்டரம்மா அந்தத் தொட்டிலை விட்டு நகரவில்லை. மூன்றாம் நாள் நான் பார்க்கப் போனபோது பிள்ளை வார்டே அதிரும்படி கத்திக்கொண்டிருந்தது. ‘மொட்டையை அய்யனார் கோவில்ல வச்சுப் போடணும், நீங்க வரணும்க்கா’ என்றாள் பேச்சி. காட்டிக்கொடுத்தவளை மன்னித்துவிட்டாள் என்று புரிந்தது. வெளியே வந்து தண்ணீர்க் குழாய் பக்கம் நின்று அழுதேன்.

என் மகன் அதற்கு ஒரு மாதம் முன்னாடியே பிறந்து, பால்கோவா கேட்காமல் நல்லபடியாக இருந்தான்.

இதையெல்லாம் கலாவிடம் சொல்லி முடித்தபோது குழம்பு பாதி வற்றியிருந்தது. ‘சோதனை எலி’ என்று அவள் மாமியார் சொன்னது தப்பு. எலியால் பொய் சொல்ல முடியாது. நம்மால் முடியும். நாலு பேர் சந்தோஷப்படுவார்கள் என்றால் கூசாமல் சொல்வோம். வீட்டுக்கு வந்தவர்கள் ‘சௌக்கியமா’ என்று கேட்டால், காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து ‘சௌக்கியம்’ என்கிற ஜனங்கள் இல்லையா நாம்?

“அப்ப சேர வேண்டாங்கியளாக்கா?”

“யார் சொன்னது? தாராளமா சேரு. எல்லாத்தையும் படிச்சுக் காட்டுறேன், புரியாததை டாக்டர்கிட்ட கேளு, பிடிச்சிருந்தா கையெழுத்துப் போடு. உங்க அத்தைகிட்ட நான் பேசுறேன்.”

அவள் முகம் தெளிந்தது. தாள்களை மடித்துக்கொண்டு எழுந்தவள், வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“அக்கா, ஒண்ணு மட்டும். இந்த நோட்டு எழுதுறது... எனக்குக் கையெழுத்து கோழி கிண்டுன மாதிரி இருக்கும். நீங்கதான் அழகா எழுதுவியளே, நீங்களே எழுதித் தந்திருங்களேன்?”

சாயங்காலம் கடைத்தெருவுக்குப் போய் ஒரு கலர் பென்சில் பெட்டி வாங்கி, அவள் கையில் கொடுத்தேன்.

“சிவப்பை முதல்ல சீவி வச்சுக்கோ.”